எங்க நிலம் ஏர்போர்ட்டுக்கு போகல, ஆனா ஃப்ளைட் எங்க தலைக்கு மேல தான் இறங்கும்ங்கறாங்க, என்ன பண்றது?

வேப்பனப்பள்ளிக்கு அந்தாண்ட, ஆந்திரா பார்டர் ஓரமா ஒரு ஊர்ல இருந்து ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், சுருக்கமா சொல்றேன். அவங்களுக்கு கொஞ்சம் மாந்தோப்பும் ஒரு பட்டுப்புழு ஷெட்டும் இருக்கு. ஓசூர் ஏர்போர்ட்டுக்கு அவங்க ஊர் நிலம் எதுவும் எடுக்கல. ஆனா ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மேப் சுத்துது, அதுல ரன்வேல இருந்து நேரா ஒரு சிவப்பு கோடு, கோடு அவங்க ஊர் மேலயே போகுது, இது தான் விமானம் இறங்குற லைன்னு ஒரு ரியல் எஸ்டேட் ஆளு சொல்லிட்டு போயிருக்கார். இப்பவே ராத்திரில விமான சத்தம் அதிகமா கேக்குது, மாமியாருக்கு தூக்கம் போச்சுங்கறாங்க. பசங்க ஹைவேல மறியல் பண்ணலாம்ங்கறாங்களாம், தம்பி பையனோ "ஏர்போர்ட் வந்தா தான் எங்களுக்கு வேலை, நீங்க ஏன் அத்தை வளர்ச்சிக்கு குறுக்க நிக்கறீங்க"ன்றானாம். அவங்க கேள்வி: இதை தடுக்க முடியுமா, யாருக்கு மனு போடறது, உலகத்துல எங்கயாவது இப்படி கேட்டு ஜெயிச்சிருக்காங்களா, நஷ்டஈடு கிடைக்குமா, சத்தத்துல பட்டுப்புழு செத்துடுமா?

டீச்சர், வணக்கம். நான் சுற்றுச்சூழல் ஆய்வுல இரைச்சல் அளக்குற வேலை பாக்குறவன், வக்கீல் இல்ல. சட்டம் எனக்கு தெரியுறது என் வேலைக்கு வேணுங்கற அளவுக்கு தான், கோர்ட் வரைக்கும் போறதா இருந்தா வக்கீல் ஒருத்தரை பாத்துக்கோங்க. ஆனா கோர்ட்டுக்கு முன்னாடி நடக்குற காகித வேலைல தான் உங்க விஷயத்துக்கு முக்கால்வாசி முடிவு இருக்கு, அதை நான் சொல்லலாம்.

முதல்ல அந்த மேப். அதை நம்பாதீங்க. 2024 ஜூன் 27ஆம் தேதி சட்டசபைல முதலமைச்சர் அறிவிச்சது ஓசூர்ல 2000 ஏக்கர்ல, ஆண்டுக்கு 3 கோடி பயணிகளை கையாளுற மாதிரி ஒரு சர்வதேச விமான நிலையம்னு. அப்புறம் 2025ல சூளகிரி தாலுகால பேரிகைக்கும் பாகலூருக்கும் நடுவுல இடம் பாத்திருக்காங்கனு செய்தி வந்துச்சு. எனக்கு தெரிஞ்சு அவ்வளவு தான். விமானம் எந்த கோட்டுல இறங்கணும், எந்த இடத்துல திரும்பணும்ங்கறதை ரன்வே முடிவான பிறகு தான் வரைவாங்க, வரைஞ்சு டிஜிசிஏ (மத்திய விமானப் போக்குவரத்து கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் வாங்கி ஏஏஐ (மத்திய அரசோட விமான நிலைய ஆணையம்) வெளியிடுற ஏஐபிங்கற புத்தகத்துல போடுவாங்க, அது வர்ற வரைக்கும் எவன் வாட்ஸ்அப்ல கோடு போட்டாலும் அது பிளாட் விலையை ஏத்தவோ இறக்கவோ போட்ட கோடு தான்.

ஆனா உங்க பயம் வெறும் பயம்னும் சொல்ல மாட்டேன். ரன்வே எந்த திசைல போடுவாங்கங்கறது காத்து தீர்மானிக்குற விஷயம், விமானம் எதிர்காத்துல தான் ஏறும் இறங்கும். தேவனஹள்ளில இருக்க கெம்பேகவுடா ஏர்போர்ட்டோட ரெண்டு ரன்வேயும் கிழக்கு மேற்கா தான் கிடக்கு, ஓசூர் மேட்டுலயும் ஏறக்குறைய அதே காத்து தான். அப்போ இங்கயும் கிழக்கு மேற்கா வர்றதுக்கு தான் வாய்ப்பு ஜாஸ்தி, அப்படி வந்தா ஒரு முனை ஆனேக்கல் அத்திப்பள்ளி பக்கம் பாக்கும், இன்னொரு முனை உங்க வேப்பனப்பள்ளி பக்கம் பாக்கும். வடக்க பெங்களூர்ல எச்ஏஎல் (விமானம் தயாரிக்குற அரசு கம்பெனி), எலஹங்கா விமானப்படை தளம், கெம்பேகவுடானு வானம் ஏற்கனவே நெரிசல். அதனால தெக்கயும் கிழக்கயும் தான் காலி இடம். இது என் கணிப்பு, யாரும் வரைஞ்ச கோடு இல்ல, ஆனா இந்த கணிப்பை வெச்சுக்கிட்டு தான் நீங்க வேலையை ஆரம்பிக்கணும்.

உயரத்தை நீங்களே கணக்கு போடலாம், டீச்சருக்கு நான் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. இறங்குற விமானம் சுமார் 3 டிகிரி சரிவுல வரும், அதாவது ரன்வேல இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகப்போக கிட்டத்தட்ட 170 அடி உயரம் கூடும். 20 கிமீ தள்ளி இருந்தா 3400 அடி. ஓசூர் மேடு கடல் மட்டத்துக்கு 2900 அடி சொச்சம், உங்க ஊர் அதை விட பள்ளம்னா அந்த வித்தியாசம் உங்களுக்கு லாபம். அந்த உயரத்துல ஒரு சாதாரண ஏர்பஸ் 320 மாதிரி விமானம் இறங்கிப் போனா கீழ 60லருந்து 65 டெசிபெல் வரைக்கும் வரலாம், ஏறுற விமானமா இருந்தா இன்னும் கூடவும் வரலாம். பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன்ல 65னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. உங்க ஊர்ல ராத்திரி 2 மணிக்கு 30, 35 தான் இருக்கும், அங்க 65ங்கறது கதவை தட்டி எழுப்புற சத்தம்.

இப்போ கேக்குற ராத்திரி சத்தம் வேற கதை, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க. ஃப்ளைட்ரேடார்24 ஆப்பை போன்ல போட்டுக்கோங்க, சத்தம் கேட்ட நேரத்தை ஒரு நோட்டுல எழுதி வெச்சு, காலைல அந்த நேரத்துக்கு ப்ளேபேக் போட்டு பாருங்க. கெம்பேகவுடாவுக்கு இறங்குற விமானம் உங்க ஊர் மேல போனா வழக்கமா பத்தாயிரம் அடிக்கு மேல தான் காட்டும். ஆப்ல காட்டுறது கடல் மட்டத்துல இருந்து உயரம், உங்க ஊர் மேட்டை அதுல கழிச்சுக்கணும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. அந்த உயரத்துல போறதை எதிர்த்து மனு போட்டா பலன் இருக்காதுனு பச்சையாவே சொல்லிடறேன், சட்டத்துல பிடிமானம் இல்ல. சத்தம் கேக்குது ஆனா ஆப்ல ஒண்ணுமே இல்லைனா அது பெரும்பாலும் விமானப்படை, இல்லனா எச்ஏஎல் சோதனை ஓட்டம், அதை நாம இங்க பேசப் போறதில்ல. மாமியாருக்கு தூக்கம் வரலைங்கறதுக்கு சத்தம் மட்டும் தான் காரணமானு டாக்டர் கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.

சரி, எங்க தடுக்கலாம்?

இங்க ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுக்கணும். நம்ம நாட்டுல பறக்கும் பாதைக்குனு தனியா மக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. இங்கிலாந்துல இருக்கு, அங்க பாதையை மாத்தணும்னா கீழ இருக்க ஊர்க்காரங்களை கேட்டு, எத்தனை பேர் தலைக்கு மேல எவ்ளோ சத்தம்னு கணக்கு காட்டி தான் மாத்தணும், கேப் 1616னு ஒரு நடைமுறையே வெச்சிருக்காங்க. இங்க பாதை வரையறது ஆபீஸுக்குள்ள நடக்குற டெக்னிக்கல் வேலை. அதனால உங்களுக்கு இருக்குறது ஒரே ஒரு வாசல், அது ஏர்போர்ட்டுக்கு சுற்றுச்சூழல் அனுமதி குடுக்குறதுக்கு முன்னாடி நடக்குற ஈஐஏங்கற சுற்றுச்சூழல் தாக்க ஆய்வும் அதோட பொது கருத்துக் கேட்பு கூட்டமும் தான். 2006 செப்டம்பர் 14ல வந்த ஈஐஏ அறிவிக்கைல ஏர்போர்ட் 7(அ)ங்கற வகைல வருது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தான் அனுமதி குடுக்கணும், கருத்துக் கேட்பு கட்டாயம். விமானம் பறக்க ஆரம்பிச்ச பிறகு கத்துனா கேக்க ஆள் இருக்காது, கோடு வரையறதுக்கு முன்னாடி காகிதத்துல உங்க ஊர் பேர் ஏறியிருக்கணும்.

சிக்கல் என்னன்னா, இந்த மாதிரி ஆய்வுல வழக்கமா திட்ட இடத்தை சுத்தி 10 கிமீ தான் எல்லை. காத்து, தண்ணி, மண், இரைச்சல் எல்லாமே அந்த வட்டத்துக்குள்ள அளந்து முடிச்சுடுவாங்க. தண்ணிக்கு வட்டம் சரி, ஆனா விமான சத்தம் வட்டமாவா பரவுது, அது ரன்வே ரெண்டு முனைலயும் நாக்கு நீட்டுன மாதிரி நீளமா போகும். நீங்க 20 கிமீ பக்கம் இருக்கீங்கனு வெச்சா, ரிப்போர்ட்ல உங்க ஊரே இருக்காது. நிலம் போற ஊருக்காவது நோட்டீஸ் வரும், தாசில்தார் வருவார், டிவி வரும், பேரம் பேச ஒரு மேஜை இருக்கும். பரந்தூர்ல ஏகனாபுரம் மக்கள் 2022ல இருந்து போராடறாங்க, ஊர் பேர் தமிழ்நாட்டுக்கே தெரியும், ஏன்னா அவங்க நிலம் அதுல இருக்கு. கோட்டுக்கு கீழ இருக்க ஊருக்கு ஒரு காகிதம் கூட வராது, ஒரு நாள் காலைல சத்தம் மட்டும் வரும்.

அதனால முதல் வேலை, ஆய்வு எல்லைக்குள்ள உங்க ஊரை கொண்டு வர்றது. ஆய்வுல என்னென்ன இருக்கணும்னு அமைச்சகத்தோட நிபுணர் குழு முதல்ல ஒரு வரையறை குடுக்கும், டிஓஆர்னு சொல்வாங்க. அந்த விண்ணப்பமும் கூட்ட குறிப்பும் பரிவேஷ்ங்கற அமைச்சகத்தோட வெப்சைட்ல வரும், உங்க தம்பி பையனை வாரம் ஒரு தடவை அதை பாக்க சொல்லுங்க (ஏர்போர்ட் வேணும்ங்கற பையன் தானே, அவனுக்கும் ஆர்வம் இருக்கும்). அது வரும்போதே குழுவுக்கு ஒரு கடிதம் போகணும். ரன்வே முனையை தாண்டி 25 கிமீ வரைக்கும் இறங்குற, ஏறுற பாதைக்கு கீழ இருக்க ஊர்கள்ல இரைச்சல் ஆய்வு வேணும், கிராமம் பேர் தமிழ்ல போட்ட மேப் வேணும், சராசரி மட்டும் இல்லாம ஒவ்வொரு விமானமும் தர்ற உச்ச அளவும், ராத்திரில எத்தனைங்கறதும் வேணும்.

சராசரிங்கற வார்த்தைல தான் மொத்த விளையாட்டும் இருக்கு, இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இரைச்சல் விதிகள் 2000ல குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45 டெசிபெல் தான் எல்லை, ராத்திரினா 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும். கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா அது மொத்த நேரத்துக்கும் பரப்பி எடுக்குற சராசரி. இப்போ ராத்திரி 8 மணி நேரத்துல 10 விமானம் உங்க கூரை மேல இறங்குதுனு வெச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் உச்சத்துல 65 டெசிபெல், ஒவ்வொண்ணும் கேக்குறது அரை நிமிஷம், அதுல உச்சத்துல நிக்கறது ஒரு பத்து செகண்டு தான். அந்த சத்தத்தை எல்லாம் சேத்து 28,800 செகண்டுக்கு பரப்புனா வர்றது 40, ஊரோட சொந்த சத்தத்தையும் சேத்தா 41, 42. எல்லை 45. ரிப்போர்ட்ல "விதிக்கு உட்பட்டது"னு ஒரு வரி வந்துடும், பொய்யும் கிடையாது. மாமியார் 10 தடவை எழுந்து உக்காந்தது அந்த நம்பர்ல எங்கயுமே தெரியாது. இதுல இன்னொண்ணு, 2018ல மத்திய அமைச்சகம் ஏர்போர்ட் இரைச்சல் பகுதிக்குனு தனி அளவு கொண்டு வந்தது, வருஷத்துக்கு 50,000 தடவைக்கு மேல விமானம் ஏறி இறங்குற ஏர்போர்ட்னா பகல் 70, ராத்திரி 65 வரைக்கும் போகலாம்னு. அதே 2018ல உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு சொன்ன அறிவுரை, ராத்திரி விமான சத்தம் சராசரியா 40ஐ தாண்டக் கூடாதுனு. 65க்கும் 40க்கும் நடுவுல இருக்க தூரத்தை நீங்களே பாத்துக்கோங்க, டெசிபெல்ல 10 கூடுனாலே காதுக்கு ரெட்டிப்பா கேக்கும்.

அதனால மனுல "சத்தம் விதியை மீறும்"னு எழுதாதீங்க. மீறாதுனு ஒரே பக்கத்துல காட்டிட்டு போயிடுவாங்க. "ராத்திரி 65 டெசிபெலை தாண்டுற விமானம் எத்தனை, எந்த நேரத்துல, எந்த ஊர் மேல"னு கேளுங்க. வெளிநாட்டுல இதுக்கு என்65, என்70னு அளவே இருக்கு, எத்தனை தடவைங்கறதை எண்ணுற கணக்கு. அதுக்கு பதில் சொல்லணும்னா அவங்க பாதையை வரைஞ்சு காட்டியே ஆகணும்.

ரெண்டாவது வேலை, இப்போ இருக்க அமைதியை அளந்து வெக்கிறது. இது தான் எங்க தொழில்ல எல்லாரும் கோட்டை விடுற இடம். ஆய்வுக்கு வர்றவங்க ஒரு எட்டு பத்து இடத்துல மீட்டர் வெப்பாங்க, எங்க வெக்கிறாங்கங்கறது பெரிய விஷயம். சூளகிரி ஹைவே ஓரம் வெச்சா லாரி சத்தத்துலயே 70 வந்துடும், அப்புறம் "ஏற்கனவே சத்தமான பகுதி தான்"னு முடிச்சுடலாம். உங்க பக்கம் எருது விடும் விழா நாள்ல வெச்சாலும் அதே கதை. நீங்க என்ன பண்ணணும்னா, இரைச்சல் அளக்குற சரியான மீட்டரை, அளவு சரிபாத்த சர்டிஃபிகேட் இருக்கறதை, ஏதாவது இன்ஜினியரிங் காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட் மூலமா வாடகைக்கோ கடனுக்கோ வாங்கி, ஊர்ல மூணு இடத்துல, ஸ்கூல் பக்கம் ஒண்ணு கட்டாயம், 24 மணி நேரம் தொடர்ச்சியா அளந்து வெக்கணும். மழைக்காலம் வேணாம், தவளையும் சில்வண்டும் கத்துறதே 50ஐ தாண்டும், மாசி பங்குனில காத்து இல்லாத நாளா பாருங்க. மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டுன வாரமும் வேணாம். போன் ஆப்ல அளந்தது ஊருக்குள்ள பேசறதுக்கு ஓகே, ஆனா கருத்துக் கேட்புல வெச்சா அஞ்சு நிமிஷத்துல ஒதுக்கிடுவாங்க, மைக் ஒவ்வொரு போனுக்கும் வேற வேற.

கிராம சபை தீர்மானம் போடுங்க, கட்டாயம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துல ஆறு நாள் இருக்கு, எதுல வேணா போடலாம். தீர்மானம் திட்டத்தை நிறுத்திடாது, அது ஒரு ஆவணம், பின்னாடி பசுமை தீர்ப்பாயத்துக்கு (சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்குற கோர்ட்) போனா "நாங்க முதல்லயே சொன்னோம்"னு காட்ட உதவும். "விமான நிலையம் வேண்டாம்"னு ஒத்தை வரில போடறதை விட, எங்க ஊர் மேல ராத்திரி 10லருந்து காலை 6 வரைக்கும் பாதை கூடாது, இரைச்சல் ஆய்வுல எங்க ஊரை சேக்கணும்னு போட்டீங்கன்னா அதுக்கு யாராவது பதில் எழுதியாகணும். சுத்தி இருக்க நாலஞ்சு பஞ்சாயத்தையும் அதே வாசகத்துல போட வையுங்க. உங்க ஊர் மட்டும் தனியா போட்டா என்ன ஆகும் தெரியுமா, கோட்டை ரெண்டு கிலோமீட்டர் நகத்தி பக்கத்து ஊர் மேல விட்டுட்டு போயிடுவாங்க, அப்புறம் அந்த ஊர்க்காரங்களுக்கும் உங்களுக்கும் ஜென்ம பகை.

கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், ரிப்போர்ட்டோட தமிழ் சுருக்கம் கலெக்டர் ஆபீஸ்லயும் மாசு கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ்லயும் கிடைக்கணும். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தான் தலைமை, முழுசா வீடியோ எடுக்கணும், கடைசில நடவடிக்கை குறிப்பை தமிழ்ல வாசிச்சு காட்டணும். "நீங்க 20 கிமீ தள்ளி இருக்கீங்க, உங்களுக்கு என்ன சம்பந்தம்"னு வாசல்ல யாராவது கேட்டா, கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் விளக்கம் கேக்க வாய்ப்பு குடுக்கணும்னு அறிவிக்கைலயே இருக்குனு சொல்லுங்க. எழுத்துல குடுக்கறதை வாங்கிக்கிட்டதுக்கு ரசீது வாங்குங்க. மேடைல நீங்களே பேசுங்க டீச்சர், பசங்களை விட வேணாம், மூணு கேள்வி போதும், ஒவ்வொண்ணும் எண்ணிக்கை கேக்குற கேள்வியா இருக்கட்டும். குறிப்பு வாசிக்கும்போது உங்க கேள்வி அதுல இருக்கானு கேட்டுட்டு தான் வெளிய வரணும், பாதி பேர் சாப்பாட்டு பொட்டலம் வாங்கிட்டு முன்னாடியே கிளம்பிடறாங்க.

அனுமதி குடுத்துட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள சென்னைல இருக்க தெற்கு மண்டல பசுமை தீர்ப்பாயத்துல மேல்முறையீடு பண்ணலாம், தாமதத்துக்கு காரணம் காட்டுனா இன்னும் 60 நாள் வரைக்கும் ஏத்துப்பாங்க, அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் கதவு மூடிடும். அங்க ஜெயிக்கற கேஸ் பெரும்பாலும் "கூட்டத்துல கேட்டோம், பதிலே சொல்லல"ங்கற கேஸ் தான்.

உலகத்துல எங்கயாவது ஜெயிச்சிருக்காங்களானு கேட்டிருந்தீங்க. அமெரிக்கால ஃபீனிக்ஸ்னு ஊர், 2014 செப்டம்பர்ல அங்க சாட்டிலைட் வழிகாட்டுதலுக்கு மாறுறோம்னு பாதையை மாத்துனாங்க. முன்னாடி விமானங்கள் அங்கங்க பரவி போய்க்கிட்டு இருந்துச்சு, புதுசா வந்த பிறகு எல்லாம் ஒரே கோட்டுல, அந்த கோட்டுக்கு கீழ இருந்த பழைய குடியிருப்புக்காரங்க ஒரு நாள்ல மாட்டிக்கிட்டாங்க. நகராட்சியும் மக்களும் கேஸ் போட்டு 2017ல அப்பீல் கோர்ட் அந்த மாற்றம் முறையில்லாததுனு சொல்லிடுச்சு. அவங்க ஜெயிச்சதுக்கு காரணம் டெசிபெல் இல்ல, பாதிக்கப்படறவங்களை ஒழுங்கா கேக்கலைங்கறது. ஜெர்மனில ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல 2011ல இருந்து ராத்திரி 11லருந்து காலை 5 வரைக்கும் அட்டவணைப்படி ஓடுற விமானத்துக்கு தடை, நாலாவது ரன்வே திறக்கும்போது வந்த தடை, 2012ல அந்த நாட்டு உச்ச நிர்வாக கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. ஆஸ்திரேலியால சிட்னிக்கு 1995லயே ராத்திரி ஊரடங்கு சட்டம். பாருங்க, எங்கயும் ஏர்போர்ட்டை மூடல, ராத்திரியை காப்பாத்தியிருக்காங்க. நீங்களும் அதை குறி வையுங்கனு தான் சொல்வேன், முழுசா வேணாம்னு நின்னா ஓசூர் கம்பெனிகள்ல வேலை பாக்குற உங்க ஊர் பசங்களே உங்க கூட நிக்க மாட்டாங்க. தம்பி பையனுக்கும் இதையே சொல்லுங்க, ராத்திரி 2 மணிக்கு இறங்காத ஏர்போர்ட்லயும் வேலை கிடைக்கும்.

நஷ்டஈடு கிடைக்காது டீச்சர். நிலம் எடுத்தா தான் பணம், மேல பறந்தா பணம்னு நம்ம சட்டத்துல எதுவும் இல்ல. அதிகபட்சம் ஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரிக்கு சத்தம் தடுக்குற ஜன்னல் போட்டு குடுங்கனு அனுமதி நிபந்தனைல சேக்க சொல்லி கேக்கலாம், ஓட்டு வீட்டுக்கும் சிமென்ட் ஷீட் வீட்டுக்கும் அது உதவாது, கூரை வழியா தான் சத்தம் வரும்.

பட்டுப்புழு விஷயம். விமான சத்தத்துல புழு சாகும்ங்கறதை மனுல எழுதாதீங்க, நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முடியாத ஒரு வரி இருந்தா மத்த பத்து வரியும் கெட்டுடும். யானையை எழுதுங்க. குளிர்காலத்துல ஓசூர் பக்கத்துல இருக்க சானமாவு காடு வரைக்கும் யானைக்கூட்டம் வர்றது வனத்துறை பதிவுலயே இருக்கு, அதோட நடமாட்டத்தை ஆய்வுல சேத்தாங்களானு கேட்டா வனத்துறை கிட்ட இருந்து எழுத்துல பதில் வாங்கணும், அது உங்களுக்கு பலம்.

மறியல் மட்டும் வேணவே வேணாம். ஹைவேல உக்காந்தா பசங்க மேல கேஸ் விழும், அப்புறம் போலீஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்க, அதுவும் இன்னும் யாரும் வரையாத ஒரு கோட்டுக்கோசரம்.

அவசரப்படவும் தேவையில்ல. கெம்பேகவுடா ஏர்போர்ட்டுக்கு 2004ல போட்ட ஒப்பந்தப்படி, 2008 மே மாசம் அது திறந்ததுல இருந்து 25 வருஷத்துக்கு, அதாவது 2033 வரைக்கும், 150 கிமீ வட்டத்துக்குள்ள புது ஏர்போர்ட்டுக்கு தடை இருக்கு, மைசூரும் ஹாசனும் மட்டும் விதிவிலக்கு. ஓசூர் பக்கத்துல பெலகொண்டப்பள்ளில ஏற்கனவே ரன்வே இருந்தும் உடான்ங்கற சின்ன ஊர் விமான சேவை திட்டத்துல பயணிகள் விமானம் விட முடியாம போனதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த தடையை பேசி தளர்த்தலாம், இல்ல கட்டி முடிக்கவே அவ்ளோ வருஷம் ஆகலாம், எப்படி பாத்தாலும் உங்க கைல கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த நேரத்துல அமைதியை அளந்து வெக்கலாம்.

ஆர்டிஐ ரெண்டு போடுங்க, ஒண்ணு டிட்கோவுக்கு (தமிழ்நாடு தொழில் வளர்ச்சி கழகம்), ஒண்ணு ஏஏஐக்கு, 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். ரன்வே திசை முடிவாயிடுச்சா, சாத்தியக்கூறு அறிக்கை நகல் குடுங்க, அதுல இரைச்சல் பத்தி இருக்க பக்கங்களை குடுங்க. "ஏன்"னு ஆரம்பிக்குற கேள்வி எதையும் அதுல போடாதீங்க, காரணம் கேட்டா தகவல் இல்லைனு திருப்பி அனுப்பிடுவாங்க, ஆவணத்தை மட்டும் கேளுங்க. கிராம சபை தீர்மானத்தோட வாசகத்தை எழுதிட்டு இந்த பகுதிக்கே அனுப்புங்க, பாத்து திருத்தி குடுக்கறேன். ஆர்டிஐக்கு அதுக்காக காத்திருக்க வேணாம், இந்த வாரமே தபால்ல போட்டுடுங்க, போய் சேந்ததுக்கான ஒப்புகையோட.